மங்கு சனியும் மூணு பார்ட்னரும்

ஏழரைச் சனியில் மூன்று சுற்று உண்டு என்பார்கள் ஜோசியர்கள். முதல் சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி. மூன்றாவதன் பெயரை நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பக்கத்தில் எழுத வேண்டாம்! மங்கு சனிக்காவது திருநள்ளாறு இருக்கிறது, எள் தீபம் இருக்கிறது. கன்னத்தில் வந்து உட்காருகிற மங்கு இருக்கிறதே, அது எந்தப் பரிகாரத்துக்கும் மசிவதில்லை.

உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இருக்கும். இரண்டு கன்னத்திலும், மூக்குத் தண்டின் மேலும், சிலருக்கு நெற்றியிலும், யாரோ டிகாக்‌ஷனைத் தொட்டு மேப் வரைந்த மாதிரி பழுப்பாகப் படர்ந்திருக்கும். வலிக்காது. அரிக்காது. ஜுரம் வராது. ஆனால் பார்க்கிற ஆளெல்லாம், "என்ன சார் டல்லா இருக்கீங்க? லிவர் கிவர் செக் பண்ணீங்களா?" என்று கேட்டே படுக்க வைத்து விடுவார்கள்.

இது பெண்கள் சமாசாரம், அதிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு வருவது என்று பொதுவாக ஒரு நினைப்பு. பெரும்பாலும் சரிதான். ஆனால் டில்லி டாக்டர்கள் சிலர் மங்குடன் வந்த 200 பேரைக் கணக்கெடுத்து 2010-ல் எழுதிய கட்டுரையில் 41 பேர் மீசைக்காரர்கள். (மீசை என்று அவர்கள் எழுதவில்லை. ஆண்கள் என்றுதான் எழுதினார்கள்.) அதில் பாதிப் பேருக்கு வெயில்தான் முக்கியக் காரணம். கிட்டத்தட்ட நாற்பது சதவிகிதம் பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்காவது மங்கு இருந்தது. ஆக, அப்பாவிடமிருந்து வீடு வராவிட்டாலும் இது வந்து சேரலாம். மதியம் பன்னிரண்டு மணிக்கு டூவீலரில் கலெக்‌ஷனுக்குப் போகிறவர்கள், மெடிக்கல் ரெப்புகள், சைட் இன்ஜினீயர்கள் எல்லாம் கொஞ்சம் கண்ணாடி பார்த்துக் கொள்ளுங்கள்.

தோலுக்கு அடியில் நடப்பது எளிமையான கதை. நிறம் தயாரிக்கிற செல்கள் நம் எல்லோருக்கும் உண்டு. வெயில் பட்டால் ஓவர்டைம் பார்த்து மெலனின் என்கிற கறுப்புச் சாயத்தைத் தயாரித்து மேலே அனுப்பும். குடை பிடிக்கிற வேலை. மங்கு வந்த இடத்தில் அந்தத் தொழிற்சாலை வெயில் போன பிறகும் ஷட்டரை இறக்குவதில்லை. அவ்வளவுதான். இதற்கு மருந்து என்றால் ஒன்று தயாரிப்பை நிறுத்த வேண்டும், அல்லது தயாரான சரக்கைச் சீக்கிரம் வெளியே தள்ள வேண்டும், அல்லது தொழிலாளர்களைச் சாந்தப்படுத்த வேண்டும். ஒரே மருந்து மூன்றையும் செய்வதில்லை. அங்கேதான் கூட்டு மருந்து வருகிறது.

அடியேன் பி.காம். என்பதால் கூட்டு என்றதும் பார்ட்னர்ஷிப் சட்டம், 1932 ஞாபகம் வந்து தொலைக்கிறது. பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதல் பார்ட்னர் ஹைட்ரோகுவினோன். நிஜமாக வேலை செய்கிறவர். மெலனின் தயாரிக்கத் தேவையான என்ஸைமின் கையைப் பிடித்துக் கொள்வார். இவருடைய பழைய உத்தியோகம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஸ்டூடியோ இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படம் கழுவுகிற டெவலப்பரில் இருந்தவர் இவரேதான்! அங்கே வெள்ளைத்தாளில் கறுப்பைக் கொண்டு வந்தவர், இங்கே முகத்தில் கறுப்பைக் குறைக்கிறார். குறை என்னவென்றால், தோலை எரிக்கும். வருஷக்கணக்காகப் பூசினால் சிலருக்கு நீலம் பாய்ந்த கறுப்பாகப் புதுத் திட்டு வந்து, அது பழைய மங்கைவிடப் பிடிவாதமாக நிற்கும். தென்னாப்பிரிக்காவில் இது ஏராளமான பேருக்கு வந்து, 1990-ல் அழகு க்ரீம்களில் இவர் சேரவே கூடாது என்று தடை போட்டார்கள்.

இரண்டாவது பார்ட்னர் ட்ரெடினாயின். வைட்டமின் ஏ வம்சம். மேல் தோலை வேகமாக உதிர வைத்து, பழைய சரக்கை வெளியே தள்ளுவார். முதல் பார்ட்னர் உள்ளே போகக் கதவும் திறந்து விடுவார். ஆனால் முரட்டு ஆசாமி. முகம் சிவக்கும், உரியும்.

மூன்றாவது பார்ட்னர் ஸ்டீராய்டு. இவர் வந்தாலே மற்ற இரண்டு பேரும் கிளப்பிய எரிச்சல் அடங்கிவிடும். இரண்டே நாளில் முகம் பளிச்சென்று ஆகும். இனிக்க இனிக்கப் பேசுகிற பார்ட்னர் என்று வையுங்கள். இவருடைய கெட்ட பழக்கம், தோலை மெல்லியதாக்கி விடுவது. அதை ட்ரெடினாயின் கொஞ்சம் ஈடுகட்டும்.

ஒருவர் செய்கிற சேதத்தை இன்னொருவர் சரிக்கட்ட வேண்டும் என்று இந்த மூன்று பேரையும் ஒரே டப்பாவில் போட்டவர் அமெரிக்கத் தோல் டாக்டர் ஆல்பர்ட் க்ளிக்மன். 1975-ல் வில்லிஸ் என்பவரோடு சேர்ந்து எழுதினார். ஹைட்ரோகுவினோன் 5 சதவிகிதம், ட்ரெடினாயின் 0.1, டெக்ஸாமெத்தசோன் 0.1. மூன்றில் எதை எடுத்தாலும் பலன் குறைகிறது என்றார். மூளைக்காரர். ஆனால் மகான் என்று நினைத்து விட வேண்டாம். பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் வருஷக்கணக்காகக் கைதிகளின் தோலில் பரிசோதனை செய்தவரும் இவர்தான். அதற்காக அவர் வேலை பார்த்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 2021-ல் மன்னிப்புக் கேட்டது.

சரி, மூணு பேர் கம்பெனி நிஜமாகவே இரண்டு பேர் கம்பெனியைவிடப் பெட்டரா? ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 641 பேர். சிலருக்கு மூன்றும் சேர்ந்த க்ரீம். மற்றவர்களுக்கு மூன்றில் ஏதாவது இரண்டு மட்டும் சேர்ந்த க்ரீம். எல்லோருக்கும் சன்ஸ்க்ரீன் கட்டாயம். எட்டு வாரம். முடிவில் மங்கு முழுசாக மறைந்தவர்கள் மூணு மருந்து கோஷ்டியில் 26 சதவிகிதம். இரண்டு மருந்துக்காரர்களில் ஐந்து சதவிகிதம்கூட இல்லை. டெபாசிட் காலி!

இங்கே கொஞ்சம் நிறுத்தி இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள் சார். ஒன்று, எட்டு வாரம். எட்டு மாசம் இல்லை. இரண்டு, அதில் சேர்ந்தவர்கள் வெள்ளைத் தோலிலிருந்து இளம் பழுப்பு வரைக்கும்தான். நம் ஆபீஸ் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் இருக்கிற பாதிப் பேரை அந்த ஆய்வில் சேர்த்திருக்கவே மாட்டார்கள்.

இனிமேல்தான் நம்ம ஊர் கதை. அமெரிக்காவில் 2002-ல் அனுமதி வாங்கிய க்ரீமின் பத்திரம் இப்படி: ஹைட்ரோகுவினோன் 4, ட்ரெடினாயின் 0.05, ஸ்டீராய்டு ஃப்ளூவோசினோலோன் 0.01. ஸ்டீராய்டுகளை வீரியப்படி ஏழு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு மகா முரடு, ஏழாம் வகுப்பு பரம சாது. (பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்.) இந்த ஃப்ளூவோசினோலோன் 0.01 ஆறாம் வகுப்பு. நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் பரவலாகக் கிடைக்கிற ட்யூப்பைத் திருப்பிப் படியுங்கள். ஹைட்ரோகுவினோன் 2, ட்ரெடினாயின் 0.025, மொமெட்டசோன் 0.1 என்றிருக்கும். மொமெட்டசோன் க்ரீம் நாலாம் வகுப்பு.

கணக்குப் புரிகிறதா? வேலை செய்கிற இரண்டு பார்ட்னர்களின் பங்கையும் சரிபாதியாக வெட்டி, இனிக்கப் பேசுகிற பார்ட்னரை இரண்டு படி உயர்த்தி முதலாளி நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. பெயர் மட்டும் அதே 'மூன்று மருந்துக் கூட்டு'. பலன் சீக்கிரம் தெரியும், ஏன் தெரியாது? ஸ்டீராய்டு பூசினால் ரத்தக் குழாய் சுருங்கி முகம் வெளுத்த மாதிரி இருக்கும். மங்கு போனதா, ரத்தம் போனதா என்று கண்ணாடிக்குத் தெரியாது. டாக்டர் கணக்குப் பார்த்துச் சில வாரத்துக்கு மட்டும் கொடுத்து நிறுத்தும்போது இந்த ட்யூப்பும் நல்ல மருந்துதான். அதைச் சிவப்பழகு க்ரீமாக்கி, தினம் காலை மாலை சந்தியாவந்தனம் மாதிரி பூசுகிறார்களே, அங்கேதான் வில்லங்கம்.

எத்தனை பேர் பூசுகிறார்கள்? நாட்டின் பல ஊர்களில் பன்னிரண்டு தோல் மருத்துவ மையங்களில் எடுத்த கணக்கு 2011-ல் வெளியானது. முகத்தில் ஏதோ தொந்தரவு என்று வந்த 2926 பேரில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு பூசிக் கொண்டிருந்தார்கள். அந்த 433-ல் 126 பேர் அதை சிவப்பழகு க்ரீமாகவோ, சகல காரிய சித்தி க்ரீமாகவோ, ஷேவிங்குக்குப் பிறகு தடவுகிற லோஷனாகவோ உபயோகித்தவர்கள். ஆமாம், ஆஃப்டர் ஷேவ்! பத்தில் ஆறு பேருக்கு அதைச் சிபாரிசு செய்தது டாக்டரே இல்லை. பத்தில் ஒன்பது பேருக்குப் பக்க விளைவு.

எங்கள் தெரு ஆடிட்டர் ஆபீஸ் தம்பி கதையைச் சொன்னால்தான் இது விளங்கும்.

இருபத்தெட்டு வயசு. ஆடிட் சீசனில் வெயிலில் அலைந்ததில் கன்னத்தில் லேசாக மங்கு. பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். முடி வெட்டுகிற இடத்தில் ஒருவர் ட்யூப் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் சீட்டெல்லாம் கேட்கவில்லை, "பெரிசா சின்னதா?" என்று மட்டும் கேட்டார்கள். சினிமா டிக்கெட் விலைக்குள் ஒரு ட்யூப். பதினைந்து நாளில் தம்பி பளபளவென்று ஆகி, எங்கள் தெருவில் நாலு பேர் அதே ட்யூப் வாங்கினார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஜாதகம் பொருந்தியது. பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. தம்பி ட்யூப்பை விடவில்லை. விட்டால் இரண்டாம் நாளே முகம் எரிந்தது, அதனால் மறுபடி பூசினார். ஏழெட்டு மாசம். பிறகு பூசினாலும் எரிந்தது. வெயிலில் போனால் மிளகாய்ப் பொடி தூவிய மாதிரி. கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு. நெற்றி நிறையப் பரு. எப்போது பார்த்தாலும் சிவந்த முகம்.

நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது பெண்ணின் அப்பா தற்செயலாக வருவது போல் எங்கள் தெருவுக்கு வந்தார். டீக்கடையில் என்னைப் பிடித்து, சுற்றி வளைத்து, கடைசியில் கேட்டே விட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்... மாப்பிள்ளைக்குப் பழக்கம் ஏதாச்சும் உண்டா?"

"என்ன பழக்கம்?"

"முகமெல்லாம் எந்நேரமும் சிவந்து கிடக்கே... சாயங்காலம் ஆனா..." என்று கட்டை விரலை வாய்ப் பக்கம் சாய்த்துக் காட்டினார்.

மோருக்கே தும்முகிற பையன் சார்! அன்றைக்கு ராத்திரி தம்பியிடம் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அண்ணே, அவங்க வேணாம்னு சொன்னா நியாயம்தான். இந்த மூஞ்சியை நானே கண்ணாடியில பார்க்கறதில்லை. லைட்டைப் போடாமத்தான் ஷேவ் பண்றேன்" என்றார். கணக்கு டேலி ஆகாவிட்டால்கூட சிரிக்கிற ஆள் அவர்.

மறுநாள் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்தம்மா ட்யூப்பை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார்.

"எத்தனை ட்யூப் ஆச்சு?"

"பதினொண்ணு மேடம்."

"மங்குக்கு வைத்தியம் அப்புறம் பார்க்கலாம் தம்பி. இப்ப இந்த ட்யூப்புக்குத்தான் வைத்தியம். மாசக் கணக்குல ஆகும். நடுவுல முகம் இன்னும் மோசமாத் தெரியும், பயந்துட்டு மறுபடி பூசிடக் கூடாது. கல்யாணம் எப்போ?"

இப்படிப்பட்ட முகத்துக்கு நம் நாட்டுத் தோல் டாக்டர்கள் 2008-லேயே தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். அவர்கள் சங்கம் விடாமல் குரல் கொடுத்ததில், 2018 மார்ச்சில் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. காகிதத்தில் சட்டம் பலமாகத்தான் இருக்கிறது. கவுன்ட்டரில்தான் "பெரிசா சின்னதா?" என்கிறார்கள்.

ட்யூப்பில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு பாமர வழி உண்டு. பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரின் வாலைப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் என்று 'சோன்'னில் முடியும். க்ளோபெட்டசால் என்று 'சால்' வரும். ஃப்ளூவோசினோலோன் என்று 'லோன்' வரும். லோன் என்றாலே கடன்தானே! எல்லா ஸ்டீராய்டும் இதில் அடங்காது, 'சால்' போட்ட எல்லாம் ஸ்டீராய்டும் அல்ல, ஆனாலும் வாலைக் கண்டால் கேள்வி கேளுங்கள்.

வேறு கூட்டணியே கிடையாதா என்றால், உண்டு. கரும்பிலிருந்தும் கிடைக்கிற க்ளைகாலிக் அமிலத்தை டாக்டர் முகத்தில் பூசிக் கழுவி மேல் தோலை உரிப்பது ஒரு முறை. 2002-ல் நம் நாட்டில் 40 பேரை வைத்துப் பார்த்ததில், க்ளிக்மன் வகைக் க்ரீமோடு இதையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு, க்ரீம் மட்டும் பூசியவர்களைவிடச் சீக்கிரமும் அதிகமும் தெளிந்தது. கைதேர்ந்த டாக்டர் வேண்டும். மாநிறத் தோலில் அளவு தவறினால் உரித்த இடமே கறுக்கும்.

ட்ரானெக்ஸாமிக் ஆசிட் என்று ஒரு மாத்திரை. ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுப்பது. அது மங்கையும் குறைக்கிறது என்று 1979-ல் ஜப்பானில் கவனித்தார்கள். இப்போது க்ரீமோடு சேர்த்து 250 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை சில வாரங்களுக்குக் கொடுக்கிறார்கள். நன்றாகவே கேட்கிறது. ஆனால் ரத்தம் உறைகிற சுபாவம் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் அது இருப்பவர்களுக்கும் ஆகாது. சிகரெட் பிடிக்கிற ஆசாமிகள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவும். ஹைட்ரோகுவினோனே வேண்டாம் என்பவர்களுக்கு அஸிலாயிக் ஆசிட், கோஜிக் ஆசிட் என்று மெதுவாக வேலை செய்கிற நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டு இல்லாததால் மாதக்கணக்கில் ஓட்டலாம். லேசர்? பர்ஸுக்கும் ஆபத்து, மாநிறத்துக்கும் ஆபத்து. முதல் கதவே அதுவாக இருக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம். நிறுத்தினால் மங்கு திரும்பி வரப் பார்க்கும். வேரோடு பிடுங்குகிறேன் என்று யாராவது சொன்னால் ரசீது கேளுங்கள்.

அப்புறம், உங்கள் கன்னத்தில் இருப்பது மங்குதானா? தலைக்கும் மீசைக்கும் டை அடிக்கிற சிலருக்கு, அந்த டை ஒத்துக் கொள்ளாமல் நெற்றியோரம், காதோரம் கறுத்துக் கொண்டே வரும். டையை நிறுத்தாமல் நாலு பார்ட்னரைக் கூட்டி வந்தாலும் அது போகாது. இன்னும் சிலருக்கு நெற்றிப் பொட்டு ஓரமும் கன்ன எலும்பு மேலும் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுக்கும், கழுத்தின் பின்னாலும் அப்படியே இருக்கும். 'குளிக்கும்போது நல்லாத் தேய்டா' என்று அம்மா திட்டுகிற அந்தக் கழுத்து அழுக்கு அழுக்கே இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்கிற நோட்டீஸ். அதற்கு ட்யூப் வாங்குகிற காசில் சர்க்கரை டெஸ்ட் எடுக்கலாம். இன்னொன்று, உங்கள் ட்யூப்பை வீட்டில் மனைவிக்குத் தர்மம் பண்ணாதீர்கள். கர்ப்பமாக இருக்கும்போது ட்ரெடினாயின் கூடாது.

கடைசியாக சன்ஸ்க்ரீன். எந்த ஆய்வை எடுத்தாலும் இது கூடவே இருக்கிறது, லாபத்தில் பங்கு கேட்காத பார்ட்னர் மாதிரி. இது இல்லாமல் மூணு மருந்து பூசுவது, தண்ணீர் குழாயைத் திறந்து விட்டுத் தரை துடைக்கிற கதை. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், முகம் கழுத்துக்குச் சேர்த்து இரண்டு விரல் நீளம், வெளியே சுற்றினால் இரண்டு மணிக்கொரு தரம். நம்மவர்கள் பட்டாணி அளவு தடவிவிட்டு க்ரீமைக் குறை சொல்கிறார்கள். அதிலும் ஒரு சூட்சுமம். மாநிறத் தோலில் மங்கைக் கிளப்புவது புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிகிற சாதா வெளிச்சமும்தான். சாதா சன்ஸ்க்ரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கிற வகைதான் தடுக்கும்.

தம்பிக்கு டாக்டரம்மா இப்போது அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். ட்யூப்பைப் படிப்படியாகக் குறைத்து விட்டாயிற்று. எரிச்சல் பாதி அடங்கியிருக்கிறது. மங்கு திரும்ப எட்டிப் பார்க்கிறது. பெண்ணின் அப்பாவிடம் மருத்துவச் சீட்டைக் காட்டி விளக்கினேன். "குடி இல்லையே, அது போதும்" என்று கிளம்பினார். பெண் மட்டும் போனில் தம்பியிடம் கேட்டாளாம், "முன்னாடி எப்படி இருந்தீங்களோ அந்த போட்டோ ஒண்ணு அனுப்புங்க. ட்யூப் போடறதுக்கு முன்னாடி." அனுப்பியிருக்கிறார். இதுவரை பதில் அதட்டல்தான்: "இதுக்கா பூசினீங்க?"

ஆபீஸில் அவர் தினம் காலையில் தோல் நிறத்தில் எதையோ குழைத்துப் பூசுவதைப் பார்த்துவிட்டு சீனியர் ஒருத்தர், "என்னப்பா, மேக்கப்பா? நடிக்கப் போறியா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல சார். அயர்ன் ஆக்ஸைடு. தமிழ்ல சொன்னா துரு."

"துருவா?"

"ஆமாம் சார். துருதான் பூசிட்டிருக்கேன். ரெண்டு மணிக்கு மறுபடி பூசணும், கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க."